மூன்றாவது மஞ்சள் சீட்டு

எங்கள் கல்லூரியில் ஒழுக்கம் மஞ்சள் நிறத்தில் இருக்கும். உள்ளங்கை அளவுக்கு ஒரு சீட்டு. மாணவரின் பெயர், மீறிய விதியின் எண், கீழே ஒரு கையெழுத்து. முதல் சீட்டுக்கு அறிவுரை. இரண்டாவது சீட்டுக்குக் கட்டுரை. மூன்றாவது சீட்டுக்கு கமிட்டி. கமிட்டி முகம் சுளித்தால் அந்த வருடம் கிளினிக்கில் நிற்க முடியாது, கிளினிக் இல்லையென்றால் பரீட்சை இல்லை, ஆக ஒரு வருடம் அம்பேல். கண் பரிசோதித்துக் கண்ணாடிக்குப் பவர் எழுதும் படிப்புக்குச் சேர்ந்த எங்களுக்கு முதல் நாள் கொடுத்த புத்தகத்தில் கண்ணைப் பற்றி ஒரு வரி கிடையாது. ஷூவைப் பற்றி ஒரு பக்கம் இருந்தது.

இந்தப் படிப்பின் பெயரை எங்கள் விம்கோ நகர் தெருவில் யாரும் முழுதாகச் சொன்னதில்லை. “கண்ணு டாக்டருக்கா படிக்கிற?” என்பார்கள். இல்லை என்றால், “அப்ப கண்ணாடிக் கடைக்கா?” என்பார்கள். அதுவும் இல்லை என்று சொன்னால் பாவம் என்று பார்ப்பார்கள். நைனா மட்டும் “எம் பொண்ணு கண்ணு படிக்கிது” என்று சொல்லி விஷயத்தை முடித்துவிடுவார். துறைமுகத்துக்கு கன்டெய்னர் ஏற்றிப் போகும் டிரெய்லர் வண்டி ஓட்டுபவர் அவர். வாயைத் திறந்தால் அளவாகத்தான் வரும், ஹாரனில்தான் தாராளம்.

மூன்றாம் வருடம் பாதி தாண்டுவதற்குள் என்னிடம் இரண்டு சீட்டு சேர்ந்துவிட்டது. இரண்டும் நான் சம்பாதித்தவைதான், மறுக்கவில்லை.

முதல் சீட்டுக்குக் காரணம் காத்திவாக்கத்துத் தாத்தா ஒருவர். ராயபுரத்தில் இருந்த எங்கள் பயிற்சி கிளினிக்குக்கு பஸ் மாறி வந்திருந்தார். வலை கட்டுகிற கை. அவரை விசாரித்தவள் எங்கள் வகுப்பின் முதல் மாணவி. அவளைப் பற்றிக் குறையாக எதுவும் சொல்லிவிட முடியாது, அதுதான் அவளிடம் எனக்கிருந்த குறை. கல்லூரி அச்சடித்துக் கொடுத்த வாக்கியங்களை ஒரு புள்ளி மாறாமல் சொன்னாள்.

“ஐயா, அண்மைப் பணிகளில் ஏதேனும் சிரமம் உணர்கிறீர்களா?”

“இல்லம்மா.”

“தொலைவில் உள்ள பொருட்களில் தெளிவின்மை?”

“இல்லம்மா.”

“கண்களில் அசௌகரியம்?”

“அதெல்லாம் ஒண்ணும் இல்லம்மா” என்றார் தாத்தா, ஏதோ திருட்டுக் கேஸில் விசாரிக்கப்படுகிறவரைப் போல. அவள் எல்லாக் கட்டத்திலும் ‘இல்லை’ என்று எழுதினாள். ஒரு குறையும் இல்லாத மனிதர் கடற்கரையிலிருந்து இரண்டு பஸ் பிடித்து எதற்காக வந்தார் என்று கேட்கும் கட்டம் அந்தப் படிவத்தில் இல்லை.

எனக்குப் பொறுக்கவில்லை. பக்கத்து நாற்காலியிலிருந்து, “இன்னா தாத்தா, வல பிஞ்சா ஊசில நூலு கோக்க தெர்தா?” என்றேன்.

அவர் முகம் திறந்தது. “அத்த சொல்லத்தாம்மா வந்தேன். ஊசி ஒரு பக்கம் போவுது, நூலு ஒரு பக்கம் போவுது. பேஜாரா கீது.”

ஐந்து நிமிடத்தில் பவர் கண்டுபிடித்தோம். ஆறாவது நிமிடத்தில் எனக்குச் சீட்டு வந்தது. நோயாளியை உறவுமுறை சொல்லி அழைத்தது ஒன்று, வட்டார வழக்கில் பேசியது இரண்டு, இன்னொரு மாணவியின் நோயாளியிடம் தலையிட்டது மூன்று. ஒரே வாக்கியத்தில் மூன்று விதி. ‘உங்கள் நடத்தையால் நோயாளி எவ்வாறு பாதிக்கப்பட்டார்?’ என்று ஒரு தாளில் எழுதச் சொன்னார்கள். ‘அவரால் ஊசியில் நூல் கோக்க முடிந்தது’ என்று எழுதிக் கொடுத்தேன். திரும்பி வந்தது. இரண்டாம் முறை, ‘அவருடைய சுயமரியாதைக்கு நான் அறியாமல் ஊறு செய்துவிட்டேன்’ என்று எழுதினேன். ‘நல்ல முன்னேற்றம்’ என்று சிவப்பு மையில் போட்டுக் கொடுத்தார்கள்.

இரண்டாவது சீட்டு தாமதத்துக்கு. எண்ணூர் சாலையில் கன்டெய்னர் வண்டிகள் வரிசை கட்டி நிற்கும் நாட்களில் பஸ் நகராது, நடப்பவன் முன்னால் போய்விடுவான். பஸ்ஸிலிருந்தே நைனாவுக்குப் போன் போட்டேன். “ரோடு எப்ப கிளியர் ஆவும் நைனா?” என்றேன். “நானே காலைலேந்து அசையாம குந்திகினு கீறேன், நீ வேற” என்றார். எனக்கு முன்னால் எங்கேயோ அதே வரிசையில்தான் அவர் வண்டியும் நின்றது. சீட்டில் காரணம் என்ற இடத்தில் ‘கன்டெய்னர் லாரிகள்’ என்று எழுதினேன். அதில் ஒன்றை ஓட்டுபவர் என் நைனா என்று எழுதவில்லை. ‘திட்டமிடாமை’ என்று திருத்தி வாங்கிக்கொண்டார்கள்.

இதற்கு நடுவில் படிப்பிலும் ஒரு கோளாறு. கண்ணுக்குள் ஒளிக்கீற்றைப் பாய்ச்சி, அது உள்ளே நகரும் விதத்தை வைத்துப் பவரைக் கண்டுபிடிக்க ஒரு கைக்கருவி உண்டு. கண்டுபிடித்த எண்ணிலிருந்து, நாம் நிற்கிற தூரத்துக்காக ஒன்றரையைக் கழித்துவிட வேண்டும். நான் கழிக்க மறந்துவிடுவேன். எல்லாம் சரியாகச் செய்துவிட்டு, கடைசியில் ஒன்றரை கூடுதலாக ஒரு கண்ணாடியை எழுதி வைப்பேன். செய்முறைத் தேர்வில் இரண்டு முறை இப்படி ஆனதும், ‘கல்வி உதவித் திட்டம்’ என்ற ஒன்றில் என்னைச் சேர்த்தார்கள். உதவி தேவைப்படுகிறவர்களின் பட்டியலை எல்லோருக்கும் தெரியும்படி நோட்டீஸ் போர்டில் ஒட்டி உதவியைத் தொடங்கினார்கள்.

எனக்கென்று ஒரு மேடம் ஒதுக்கப்பட்டார். நல்ல மனுஷி. வாரம் ஒருமுறை எதிரில் உட்கார வைத்து, “இந்த வாரம் எப்படி உணர்கிறாய்?” என்பார். “மேடம், ஒன்றரை கழிக்க மறந்துடறேன்” என்பேன். “அதை நீ எப்படி உணர்கிறாய்?” என்பார். எங்கள் சந்திப்புகள் இந்த வேகத்தில் நகர்ந்தன. ஒளிக்கீற்றுக் கருவியை வீட்டுக்குத் தர மாட்டார்கள், விலை அதிகம். அதனால் வீட்டில் பார்வை சார்ட்டை வைத்துக் குடும்பத்தாரிடம் முப்பது கேஸ் பயிற்சி செய்து லாக் புக்கில் எழுதி வரச் சொன்னார். எது வரவில்லையோ அதை விட்டுவிட்டு, ஏற்கெனவே நன்றாக வருவதில் முப்பது முறை பயிற்சி. சோறு வேகவில்லை என்றவளிடம் தட்டைக் கழுவச் சொன்ன கதைதான், ஆனால் திட்டத்துக்குக் கையெழுத்து போட்டிருந்தேன்.

எழுத்துகள் மேலிருந்து கீழே சின்னதாகிக்கொண்டே போகுமே, அந்த சார்ட் ஒன்றை வாங்கி வந்து எங்கள் வீட்டுச் சுவரில், டிவிக்கு மேலே ஒட்டினேன். அம்மா ஒருமுறை உட்கார்ந்துவிட்டு, “அடுப்புல கொழம்பு கீது” என்று எழுந்தவள் பிறகு சிக்கவில்லை. நைனா சிக்கினார். வண்டியை நிறுத்திவிட்டு வந்து, கைகால் கழுவி, தட்டோடு உட்காருவார். ஒரு கண்ணை மூடச் சொல்வேன். ஒரு கையால் மூடிக்கொண்டு இன்னொரு கையால் சாப்பிட்டபடியே கடைசி வரி வரை ஒப்பித்துவிடுவார். எஃப், இ, எல், ஓ, பி, இசட், டி. நான் வரியைக் காட்டுவதற்குள் சொல்லி முடித்துவிடுவார். இவ்வளவு ஆர்வமாக ஒத்துழைக்கிற நோயாளி கிளினிக்கில்கூடக் கிடைத்ததில்லை. வலது கண் முழுப் பார்வை, இடது கண் முழுப் பார்வை என்று எழுதினேன். லாக் புக்கில் பாதிக்கு மேல் அவர் கண்தான். மேடம் எல்லாப் பக்கத்திலும் கையெழுத்திட்டு, எழுத்து சுத்தமாக இருக்கிறது என்று பாராட்டினார்.

ராயபுரத்தில் ஒரு மாதாகோயில் ஹாலில் டிரெய்லர் டிரைவர்களுக்கு வருடாந்தரக் கண் பரிசோதனை முகாம் வைத்தார்கள். அக்கம்பக்கத்து ஆட்களும் வரலாம். டிரைவர்களுக்கு மட்டும் அன்று கொடுக்கும் பரிசோதனைத் தாளைக் கொண்டுபோய்க் கம்பெனியில் காட்டினால்தான் மறுநாள் வண்டிச் சாவி. முகாமுக்கு முந்தைய நாள் எங்களை நிற்க வைத்து விதிகளை மறுபடி வாசித்தார்கள். இரத்த உறவினரைப் பரிசோதிக்கக் கூடாது, பக்கத்து மாணவரிடம் ஒப்படைத்து விலக வேண்டும். அடுத்தவரின் நோயாளி விஷயத்தில் தலையிடக் கூடாது. குரலை உயர்த்தக் கூடாது. வாசித்த சார் ஒவ்வொரு விதி முடிந்ததும் என்னைப் பார்த்தார்.

மூன்றாவது சீட்டு வாங்கக் கூடாது என்பதைத் தவிர அன்று எனக்கு வேறு லட்சியம் இல்லை. வெள்ளைக் கோட்டை இரண்டு முறை இஸ்திரி போட்டிருந்தேன். பேச்சை அதைவிட அதிகமாக இஸ்திரி போட்டு வைத்திருந்தேன். வந்தவர்களையெல்லாம் “வணக்கம் ஐயா, அமருங்கள் ஐயா” என்றேன். எங்கள் தெருக்காரர் ஒருவர் என்னை ஏற இறங்கப் பார்த்து, “இன்னாம்மா, ஒடம்பு சரியில்லியா?” என்றார்.

ஹாலில் இரண்டு வரிசை. ஒன்றில் நான், பக்கத்தில் முதல் மாணவி. எதிர்ச் சுவரோரம் நாலு முகம் கொண்ட சுழலும் பெட்டி, உள்ளே விளக்கு. ஒரு முகத்தில் எங்கள் வீட்டுச் சுவரில் இருந்த அதே இங்கிலீஷ் எழுத்து, ஒன்றில் தமிழ் எழுத்து, ஒன்றில் எண்கள். நாலாவது முகம் எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு. அதில் எழுத்தே கிடையாது. மூன்று பல் சீப்பு மாதிரி ஒரே உருவம் மேலும் கீழும் இடமும் வலமுமாகத் திரும்பி நிற்கும், பல் எந்தப் பக்கம் என்று கையால் காட்டினால் போதும். பெட்டியைத் திருப்ப என் பக்கம் ஒரு கயிறு. இரண்டு வரிசைக்கும் ஒரே பெட்டி என்பதால், இழுக்கும் முன் பக்கத்திலிருப்பவரிடம் ‘திருப்பறேன்’ என்று சொல்லிவிட வேண்டும். இதுதான் ஏற்பாடு.

நைனா என் வரிசையில்தான் வந்து நின்றார். விதியைச் சொல்லி அவரைப் பக்கத்து வரிசைக்கு அனுப்பினேன். “நீ பாக்க மாட்டியா?” என்றார். “கூடாது, சொந்தக்காரங்கள பாக்கக் கூடாது” என்றேன். “வூட்ல மட்டும் தெனம் பாக்கற” என்று முணுமுணுத்துக்கொண்டே போய் உட்கார்ந்தார். சார் தூரத்திலிருந்து எனக்குத் தலையசைத்தார். அந்தப் படிப்பில் எனக்குக் கிடைத்த முதல் தலையசைப்பு அது.

முதல் மாணவி நைனாவின் இடது கண்ணை மூடினாள். வலது கண்ணால் மெல்ல, தடுமாறி, கடைசி வரிக்கு இரண்டு வரி மேலே வரை படித்தார். எனக்கு லேசாக நெருடியது. வீட்டில் இப்படித் தடுமாற மாட்டாரே என்று நினைத்தேன். அதற்குள் என் முன்னால் மீன் விற்கும் அக்கா ஒருத்தி வந்து உட்கார்ந்து, “எனுக்கு எழுத்து தெரியாதும்மா” என்றாள். பக்கத்தில் “திருப்பறேன்” என்றேன். நைனாவின் வலது கண்ணை மூடிவிட்டுப் படிவத்தில் குனிந்திருந்த முதல் மாணவி “ம்” என்றாள். கயிற்றை இழுத்தேன். இங்கிலீஷ் முகம் போய் சீப்பு முகம் வந்தது.

அக்கா கையை மேலே காட்டினாள், வலப்பக்கம் காட்டினாள். அதே நேரத்தில் பக்கத்து வரிசையில், “இப்போது இந்தக் கண்ணால் படியுங்கள் ஐயா” என்றாள் முதல் மாணவி.

நைனா படித்தார். இ. எஃப், பி. டி, ஓ, இசட். கணீரென்று, ஒரு தடுமாற்றம் இல்லாமல், வரி வரியாக இறங்கினார். அவள் பெட்டியைப் பார்க்கவில்லை. பார்க்க வேண்டிய அவசியமும் அவளுக்கில்லை, அந்த சார்ட் எங்கள் எல்லோருக்கும் மனப்பாடம். காதால் கேட்டுக்கொண்டு கையால் டிக் போட்டாள். அவருக்கும் மனப்பாடம், அவளுக்கும் மனப்பாடம். அங்கே எழுத்தே இல்லை என்பது மட்டும் இரண்டு பேருக்கும் தெரியவில்லை. நைனா எஃப், இ, எல், ஓ, பி, இசட், டி என்று முடித்துவிட்டு, எப்படி என்பதுபோல் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

நான் பெட்டியையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தேன். வலது கண்ணால் நிஜமாகவே பார்த்துப் படித்ததால்தான் தடுமாறியிருக்கிறார். இடது கண்ணில் அவருக்குத் தெரிவது விளக்கின் வெளிச்சம் மட்டும்தான். அந்தப் பக்கம் எதுவும் தெரியாமல்தான் அவ்வளவு நீள வண்டியை ஓட்டிக்கொண்டிருக்கிறார். மாதக்கணக்கில் என் சுவரில் பாடம் படித்து, என்னிடமே ஒப்பித்து, என் கையாலேயே முழுப் பார்வை என்று எழுத வைத்திருக்கிறார்.

அப்போது ஒழுங்கான மாணவி என்ன செய்திருக்க வேண்டும் என்று பிறகு பலர் எனக்கு விளக்கினார்கள். கையை உயர்த்தியிருக்கலாம். சாரிடம் தனியாகப் போய்ச் சொல்லியிருக்கலாம். சம்பவ அறிக்கைப் படிவம் என்று ஒன்று இருக்கிறது, அதை நிரப்பியிருக்கலாம். முதல் மாணவி தாளில் கையெழுத்து போட்டு, கிழித்து, அவரிடம் நீட்டிக்கொண்டிருந்தாள். எனக்குப் படிவம் நினைவுக்கு வரவில்லை.

“நைனா, நிறுத்து” என்று கத்தினேன். “அங்க இங்கிலீசு எழுத்தே இல்ல. இன்னாத்த பாத்து படிச்ச நீ?”

நான் எழுந்து போய் அவர் முகத்துக்கு எதிரே கையை நீட்டினேன். “இந்தக் கண்ணுல சொல்லு. எத்தினி வெரலு?”

“சும்மா கெட” என்றார் தணிந்த குரலில்.

“எத்தினி வெரலு நைனா?”

“மூணு.”

நான் நீட்டியது ஒன்று. பின்னால் வரிசையில் நின்ற டிரைவர்களில் யாரோ சிரித்தார்கள், பிறகு யாரும் சிரிக்கவில்லை. நைனா எழுந்து யாரையும் பார்க்காமல் வெளியே போனார். கண்ணை மூடக் கொடுத்த கரண்டி மாதிரியான மறைப்பானைக் கையிலேயே எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

சார் எனக்கு அந்த இடத்திலேயே சீட்டு கொடுத்தார். ஒரே சீட்டில் இடம் போதாமல் பின்பக்கமும் எழுத வேண்டியிருந்தது. உறவினரைப் பரிசோதித்தது, அடுத்தவரின் நோயாளியிடம் தலையிட்டது, குரலை உயர்த்தியது, வட்டார வழக்கு, பொதுவிடத்தில் நோயாளியின் கண்ணியத்துக்குப் பங்கம், மறைப்பான் ஒன்று காணாமல் போனது. இல்லாத எழுத்தைப் படித்தவருக்கு முழுப் பார்வை எழுதிய முதல் மாணவிக்குச் சீட்டு இல்லை. அவள் படிவத்தில் எல்லாக் கட்டமும் நிரம்பியிருந்தது. ஆனால் சாயங்காலம் அவள் என்னிடம் வந்து, “நான் பெட்டியைப் பார்க்கவே இல்லை” என்றாள். அழுதிருந்தாள். அவளைப் பிடிக்காமல் இருப்பது அதற்குப் பிறகு எனக்குக் கஷ்டமாகிவிட்டது.

நைனாவைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தார்கள். இடது கண்ணில் சர்க்கரை விழித்திரையைத் தின்றுவிட்டது, போனது வராது, மிச்சத்தைக் காப்பாற்றலாம் என்றார்கள். வலது கண்ணில் புரை ஆரம்பித்திருந்தது. கம்பெனியில் மறுநாளே சாவியை வேறு ஆளிடம் கொடுத்துவிட்டார்கள்.

வீட்டில் அவர் என்னோடு பேசுவதை நிறுத்தினார். கோபத்தில் கத்தியிருந்தால் பரவாயில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போதே அம்மாவிடம், “தண்ணி வேணும்னா மோந்து குடிக்கச் சொல்லு” என்பார். எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வரும். பொய் சொன்னது அவர், ஏமாந்தது நான், வாய் திறக்காமல் தண்டிப்பதும் அவர். சுவரிலிருந்த சார்ட்டை நானே கிழித்துப் போட்டேன். நாற்பது நாள் அப்படி ஓடியது.

பிறகு கல்லூரியிலிருந்து இரண்டு கடிதம் வந்தது. இரண்டும் நைனா பெயருக்கு, ஒரே விலாசத்துக்கு, ஒரே நாள் கமிட்டிக்கு. அம்மா இரண்டையும் உரக்கப் படித்தாள். ‘அன்புள்ள பெற்றோருக்கு, தங்கள் மகளின் நடத்தை குறித்து விசாரிக்க வருக’ என்றது ஒன்று. ‘மதிப்பிற்குரிய நோயாளிக்கு, தங்களுக்கு எங்கள் மாணவியால் ஏற்பட்ட மனவேதனை குறித்து வாக்குமூலம் அளிக்க வருக’ என்றது இன்னொன்று. நோயாளியின் அடையாளத்தை ரகசியமாக வைத்திருப்பதாகவும் அதில் உறுதி கொடுத்திருந்தார்கள். அம்மா சிரித்துவிட்டாள். நைனா சிரிக்கவில்லை. வருவாரா, வந்தாலும் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியவில்லை. கேட்கவும் தைரியமில்லை.

வந்தார். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, பஸ்ஸில் எனக்கு இரண்டு சீட் முன்னால் உட்கார்ந்து வந்தார். கமிட்டியில் மூன்று பேர், ஓரமாக என் மேடம் லாக் புக்கோடு. எதிரில் இரண்டு நாற்காலி போட்டிருந்தார்கள், ஒன்று பெற்றோருக்கு, ஒன்று நோயாளிக்கு.

“எதுல குந்தறது?” என்றார் நைனா.

அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். “முதலில் நோயாளியாக உட்காருங்கள்” என்றார் தலைவர். நைனா அவர் காட்டிய நாற்காலியில் உட்கார்ந்தார். நான் சுவரோரம் நின்றேன்.

“இந்த மாணவியின் நடத்தையால் உங்கள் மனம் புண்பட்டதா? தயங்காமல் சொல்லுங்கள்.”

“பட்டுச்சு” என்றார் நைனா. “எங்க டிரைவர் சங்கத்து ஆளுங்க எல்லாம் நின்னுகினு இருந்தாங்க. அவங்க முன்னால கத்துனா. மானம் போச்சு. மறுநாளு வண்டியும் போச்சு. இல்லன்னு சொல்ல மாட்டேன்.”

தலைவர் எழுதினார். என் வருடம் போய்விட்டது என்று அந்த இடத்திலேயே புரிந்துவிட்டது. அதைவிட, அவர் உண்மையிலேயே அவ்வளவு நொந்திருக்கிறார் என்பது புரிந்தது. நான் அதுவரை என் சீட்டைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

தலைவர் பேனாவை மூடப்போனார்.

“மூடாதீங்க சார். இன்னும் கீது” என்றார் நைனா. “முகாமுக்கு ரெண்டு மாசம் முன்னாடி எர்ணாவூருகிட்ட வண்டிய இடது பக்கம் ஒடிக்கிறேன். கிளீனரு கத்துறான். பிரேக் போட்டு எட்டிப் பாத்தா, டயருக்கு ஒரு சாண் தள்ளி ஸ்கூட்டர்ல ஒரு அம்மா, முன்னால கொழந்த நிக்குது. அந்தம்மா போன்ல பேசிகினே போயிடுச்சு. அதுக்குத் தெரியவே தெரியாது. எனுக்குத் தெரியும். அன்னிக்கே நான் எறங்கியிருக்கணும். எறங்கல. வூட்டுக்கு வந்து, இவ ஒக்கார வெச்சு கேட்டப்போ எல்லாம் தெர்துன்னு சொன்னேன். இவ நம்பி எழுதினா. அந்த நோட்டுல நீங்களும் கையெழுத்து போட்டிருக்கீங்கன்னு சொன்னா.”

மேடம் லாக் புக்கைப் பார்த்தார். அந்த வாரம் அவர் எப்படி உணர்ந்தார் என்று கேட்க எனக்கு ஆசைதான், கேட்கவில்லை.

“கத்துனது தப்புன்னா தப்புதான் சார். ஆனா அவ கத்தலன்னா நான் மறுநாளு வண்டி எடுத்திருப்பேன்.”

யாரும் எதுவும் எழுதவில்லை. எங்களை வெளியே நிற்க வைத்துக் கதவைச் சாத்திப் பேசினார்கள். வராந்தாவில் அவர் ஒரு தூணோரமும் நான் ஒரு தூணோரமும் நின்றோம். திரும்ப அழைத்து, அந்தச் சீட்டை மனிதாபிமான அடிப்படையில் ரத்து செய்வதாகச் சொன்னார்கள். எந்த மனிதரின் அபிமானம் என்று சொல்லவில்லை. நான் நாலு வாரம் தகவல் தொடர்பு வகுப்புக்குப் போக வேண்டும், மறைப்பானைத் திருப்பித் தர வேண்டும், இனிமேல் சுழலும் பெட்டி வரிசைக்கு ஒன்று வைக்கப்படும். பிறகு தலைவர் ஒரு தாளை நைனா முன் நகர்த்தி, நோயாளி என்ற இடத்தில் ஒரு கையெழுத்தும் பெற்றோர் என்ற இடத்தில் ஒரு கையெழுத்தும் கேட்டார்.

நைனா பேனாவை வாங்கிக்கொண்டார். தாளைக் கிட்டே கொண்டுபோனார், தள்ளிப் பிடித்தார், மறுபடி மேஜையில் வைத்தார். பேனா முனை கோட்டைத் தேடித் தாளின் மேல் சும்மா நகர்ந்துகொண்டிருந்தது. மேடம் உதவ எழுந்தார். அவரைப் பார்க்காமல் நைனா தலையைத் திருப்பி, நான் நின்ற சுவர்ப்பக்கம் பார்த்தார்.

“எனுக்குத் தெர்லம்மா” என்றார். “எங்க போடணும், வந்து காட்டு.”

நான் போய் அந்தக் கோட்டின் முனையில் விரலை வைத்தேன். என் விரலைத் தொட்டுப் பார்த்துவிட்டு, அதை ஒட்டிக் கையெழுத்து போட்டார். என் நகத்திலும் கொஞ்சம் மை பட்டது. விரலைக் கீழே இருந்த இரண்டாவது கோட்டுக்கு நகர்த்தினேன்.

“அங்கியே வெச்சுக்கோ. நா போடற வரிக்கும் எடுத்துடாத” என்றார்.

நான் எடுக்கவில்லை.